விடாக்கண்டன் வரிசை

ஈக்களை ஒரு குப்பியிலிருந்து இன்னொரு குப்பிக்கு மாற்றுவதற்குக் கைப்பக்குவம் வேண்டும். பழைய குப்பியை மேசையில் ஒரு தட்டு தட்டினால் ஈக்கள் எல்லாம் அடியில் விழும். அவை சுதாரித்து எழுவதற்குள் பஞ்சு மூடியைப் பிடுங்கி, புதுக் குப்பியை வாயோடு வாய் வைத்து, தலைகீழாகத் திருப்பி மறுபடி ஒரு தட்டு. புதிதாக ஆய்வகத்துக்கு வரும் மாணவர்கள் செய்தால் பாதி ஈ குப்பிக்குள்ளும் பாதி ஈ அவர்கள் தலைமுடிக்குள்ளும் இருக்கும். ஈயக்கா கையில் ஒன்றுகூடத் தப்பாது. உயிரியல் துறை முழுக்க அவளுக்கு அந்தப் பெயர்தான். முனைவர் பட்டம் வாங்கி, அதே ஆய்வகத்திலேயே ஆய்வாளராகத் தங்கிவிட்ட பிறகும் ‘டாக்டர்’ என்று அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

அன்று காலை அவள் அப்படி மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் பேராசிரியர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“பார்வையாளர் நாளுக்குப் பேச ஆள் கிடைச்சாச்சும்மா. நம்ம நெட்டையன்தான். ஃபோன் பண்ணேன், வாயை மூடறதுக்குள்ள சரின்னுட்டான்.”

ஈயக்காவின் கை ஒரு நொடி தாமதித்தது. அவ்வளவுதான். ஏழெட்டு ஈக்கள் வாய் திறந்திருந்த குப்பியிலிருந்து கிளம்பி விளக்கைச் சுற்ற ஆரம்பித்தன.

“அக்கா! உங்க கையிலருந்தா?” என்று அலறினாள் பக்கத்தில் இருந்த வாயாடி. முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. படிப்பில் கெட்டி, பேச்சில் அதைவிடக் கெட்டி. “சார், இந்த நெட்டையன் சார் யாரு? பேரைச் சொன்னதும் ஈயே பறக்குது!”

“உன் வேலையைப் பாரு,” என்றாள் ஈயக்கா. முகத்தைத் திருப்பிக்கொண்டு, பறந்த ஈக்களைத் தேடுவது போல் கூரையைப் பார்த்தாள்.

நெட்டையன் யார் என்பதைச் சொல்ல வேண்டுமானால் அவளுடைய மேசையில், கணினிக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தட்டிலிருந்து தொடங்க வேண்டும். அதில் இருபது குப்பிகள். அடியில் மக்காச்சோள மாவும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துக் காய்ச்சி உறைய வைத்த கூழ், அதன்மேல் ஈக்கள், மேலே பஞ்சு. ஒவ்வொன்றிலும் ‘வி.க.’ என்று மார்க்கரில் எழுதியிருக்கும். விடாக்கண்டன் என்பதன் சுருக்கம்.

பெயர் வைத்தவன் நெட்டையன். அவளுக்கு இரண்டு வருடம் மூத்த ஆய்வு மாணவன். நிலைப்படியில் தலை இடிக்காமல் ஈ அறைக்குள் நுழையத் தெரியாத உயரம். அவன் ஆராய்ந்தது ஆண் ஈக்களின் மனசை. ஆண் ஈ, பெண்ணைப் பார்த்தால் ஒரு சிறகை மட்டும் பக்கவாட்டில் விரித்து அதிர வைக்கும். அதுதான் அதன் பாட்டு. ஏற்கெனவே ஜோடி சேர்ந்துவிட்ட பெண் அந்தப் பாட்டைக் காதில் போட்டுக்கொள்ளாது. காலால் உதைக்கும், நகர்ந்து போய்விடும். அதில் வியப்பில்லை. வியப்பு அதற்குப் பிறகுதான். அப்படி உதை வாங்கிய ஆணை எடுத்து, துணைக்குக் காத்திருக்கிற வேறொரு பெண்ணிடம் விட்டாலும் அது சிறகை விரிக்காது. மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு இடத்தில் பட்ட அடியை எல்லா இடத்துக்கும் சுமந்துகொண்டு போகும்.

ஆனால் நூற்றில் நாலைந்து அப்படி இல்லை. உதைத்தவளை விட்டு விலகி வரும், அடுத்தவளிடம் புதிதாகப் பாடும். அந்த ஆண்களை மட்டும் பொறுக்கி எடுத்து, அவற்றின் பிள்ளைகளில் மறுபடி பொறுக்கி, அதன் பிள்ளைகளில் மறுபடி பொறுக்கி, நெட்டையன் ஒரு வரிசையையே உண்டாக்கியிருந்தான். விடாக்கண்டன் வரிசை. அவனுடைய முனைவர் பட்டமே அதுதான்.

அவன் வேறு ஊருக்கு, வேறு பல்கலைக்கழகத்துக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம், அவள் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவன் அடுப்புப் பக்கத்தில் வந்து நின்றான். தலையைச் சொறிந்தான். “நீயும் வந்துடேன். கல்யாணம் பண்ணிக்கிட்டு ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாம்,” என்றான். கூழ் பொங்கும் நேரம் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? கரண்டியை விடாமல் கிளறிக்கொண்டே அவள் சொன்னாள்: “அப்பா படுத்த படுக்கையா இருக்கார். அவர் எழுந்து நடக்கட்டும்.”

“சரி,” என்றான் அவன். அதோடு சரி.

அவள் அதைப் பதில் என்று நினைத்துச் சொல்லவில்லை. அவன் இன்னொரு தடவை கேட்பான், அதற்குள் ஏதாவது வழி தெரியும் என்றுதான் நினைத்தாள். அவன் கேட்கவில்லை. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ மின்னஞ்சல் வரும். எல்லாம் ஈக்களைப் பற்றி. அப்பா கடைசிவரை எழுந்து நடக்கவில்லை. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. அதற்கு இரண்டு வரி எழுதியிருந்தான். அந்த இரண்டு வரியை அவள் எத்தனை முறை படித்தாள் என்பதை இங்கே சொல்லாமல் விடுவதுதான் மரியாதை.

இடையில் ஒருநாள், “இடம் இல்லம்மா, தேவையில்லாத வரிசையை எல்லாம் உறைபெட்டியில போட்டு முடிச்சிடு,” என்று பேராசிரியர் சொன்னார். எல்லாவற்றையும் முடித்தாள். விடாக்கண்டன் தட்டை மட்டும் தூக்கித் தன் மேசைக்குக் கொண்டு வந்துவிட்டாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுக் கூழுக்கு மாற்றுவாள். ஏழு வருடமாக ஒருமுறைகூடத் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட அண்ணனை ஸ்கூட்டர் எடுக்கச் சொல்லி வந்து மாற்றிவிட்டுப் போனாள்.

---

“வர்றாராமே?” என்றாள் அண்ணி, அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே.

“யார் சொன்னா?”

“உன் மூஞ்சி சொல்லுது. வந்ததுலருந்து அந்த ஒரே தலையணை உறையை நாலு தடவை மடிச்சிட்ட.”

அண்ணன் செய்தித்தாளை இறக்கினார். ஏற்றினார். இந்தப் பேச்சில் தலையிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

“இந்த வீட்டு ராசியைப் பாரு,” என்றாள் அண்ணி. “உங்க அண்ணன் கடையில உட்கார்ந்து ஈ ஓட்டுறார். நீ படிச்சுப் பட்டம் வாங்கி ஈ வளர்க்கிற. நடுவுல நான் ஒருத்தி.”

“கடையில ஒண்ணும் ஈ ஓட்டல. நல்லாத்தான் போகுது,” என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஈயக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரல் இறங்கியது. “இந்தத் தடவை கேட்பாரா?”

“தெரியல அண்ணி.”

“கேட்கலைன்னா நீ கேளேன். வாயில என்ன கொழுக்கட்டையா?”

“நான் ஒரு தடவை மறுத்தவ. நானே போய் எப்படிக் கேட்கறது?”

“நீ எங்கம்மா மறுத்த? மாமா உடம்பைக் காரணம் சொன்ன. அது மறுப்பா?”

ஈயக்கா தலையணை உறையை மறுபடி பிரித்தாள். அது மறுப்பா இல்லையா என்பதைத்தான் ஏழு வருடமாக அவளும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். அவன் மறுபடி கேட்டால் அது மறுப்பு இல்லை. கேட்காமல் போனால், அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

---

பார்வையாளர் நாளுக்கு முந்தைய நாள் மதியம் வந்தான். தாழ்வாரம் முழுக்க மாணவர்கள் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே குடியிருக்கும் வௌவால்களைக் கணக்கெடுத்த கூட்டம் ஒரு பக்கம். துறையின் கதவுக் கைப்பிடிகளில் எந்தக் கிருமி அதிகம் என்று ஆராய்ந்த கூட்டம் இன்னொரு பக்கம். முதலிடம் முதல்வர் அறைக் கைப்பிடிக்கு. அதைப் பெரிய எழுத்தில் போடலாமா கூடாதா என்று அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது.

ஈ அறை நிலைப்படியில் ‘டங்’கென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“இன்னும் இதை உயர்த்தலையா?” என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தான். காதோரம் நரைத்திருந்தது. கண்ணாடி புதுசு. சிரிப்பு பழசு.

“நீங்க குனியப் பழகலையா?” என்றாள். நன்றாகத்தான் வந்தது குரல். தண்ணீர் குடித்து வைத்திருந்தாள்.

அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“விடாக்கண்டன்... ஏதாவது மிச்சம் இருக்கா?”

அவள் கண் கணினிப் பக்கம் போனது.

“எங்க ஆய்வகத்துல வளர்ப்புப் பெட்டி பழுதாகி, ஒரே நாள்ல சூடு ஏறிப் போச்சு. என் வரிசை மொத்தமும் போயிடுச்சு. பேராசிரியர் கூப்பிட்டதும், இங்க ஒரு குப்பியாவது இருக்குமான்னு...” நிறுத்திக்கொண்டான். “தூக்கிப் போட்டிருப்பீங்க. தெரியும். சும்மா கேட்டேன்.”

ஆக, வாயை மூடுவதற்குள் சரி என்றது இதற்குத்தான். ஈக்காக. தனக்காக இல்லை. ஆனாலும் ஈயக்காவுக்கு வெட்கமில்லாமல் ஒரு பெருமையும் எழுந்தது. கணினியை நகர்த்தித் தட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

அவன் ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். “உயிரோட இருக்கே!” என்றான், சின்னப் பையன் மாதிரி. “ஏழு வருஷமா நீயா மாத்துன? ஒவ்வொரு தடவையும்?”

“பின்ன, தானாவா மாறும்?”

அவன் அவளைப் பார்த்தான். இப்போது கேட்பான் என்று நினைத்தாள். “இன்னிக்கே ஒரு சோதனை வச்சுப் பார்த்துடலாமா?” என்று கேட்டான்.

வைத்தார்கள். ரப்பர் குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து, மறுமுனையால் ஈயை மெல்ல உறிஞ்சி எடுத்து, நாணய அளவுள்ள சின்னக் கண்ணாடி அறைகளில் விட வேண்டும். இருவரும் பேசாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்தார்கள். பழைய வேகம் இருவருக்குமே குறையவில்லை. அவன் கை நீளும் முன்பே அவள் மூடியை எடுத்துக் கொடுத்தாள். அவள் திரும்புவதற்குள் அவன் விளக்கை நகர்த்தினான். எத்தனையோ மதியங்கள் இப்படிப் போயிருக்கின்றன. அப்போதெல்லாம் அது சாதாரண வேலை என்றுதான் நினைத்திருந்தாள்.

முப்பது ஆண் ஈக்கள். ஏற்கெனவே ஜோடி சேர்ந்த பெண்களிடம் உதை வாங்கி, பிறகு புதுப் பெண்களிடம் போயின. இருவரும் கண்ணாடிக்கு மேல் குனிந்தார்கள்.

முதல் ஈ மூலையில் போய் உட்கார்ந்தது. இரண்டாவதும் உட்கார்ந்தது. பத்தாவது ஈ காலால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. கடைசிவரை ஒரு சிறகு விரியவில்லை.

நெட்டையன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தான்.

“சாதாரண ஈ,” என்றான்.

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. பாடம் நடத்தும்போது எத்தனை மாணவர்களுக்குச் சொல்லியிருப்பாள்! பொறுக்கி எடுத்தால்தான் வரிசை. ஒவ்வொரு தலைமுறையிலும் விடாதவனை மட்டும் தேடி எடுத்து அடுத்த குப்பியில் விட வேண்டும். அவள் எல்லாவற்றையும் சேர்த்துத் தட்டித் தட்டி மாற்றியிருக்கிறாள். நூற்றைம்பது தலைமுறைக்கு மேல். கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல், அது சாதாரணமாகிவிட்டது.

“பொறுக்கவே இல்ல நான்,” என்றாள். “சாகாம பார்த்துக்கிட்டேன். அவ்வளவுதான். ஒரு தடவைகூடச் சோதிச்சுப் பார்க்கல.”

“ஏன்?”

அவள் குப்பியின் மேல் எழுதியிருந்த ‘வி.க.’வைப் பார்த்தாள். சோதித்து, இல்லை என்று தெரிந்துவிட்டால்? அந்தப் பயம்தான். தட்டு அங்கே இருக்கிறது, பெயர் எழுதியிருக்கிறது, அது போதும் என்று இருந்துவிட்டாள்.

“உன்னை நான் குத்தம் சொல்லல,” என்றான் அவன். “உயிரோட வச்சிருந்ததே பெரிசு.”

“வேண்டாம். ஆறுதல் சொல்லாதீங்க.” அவளுக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். “இந்த வரிசையை உண்டாக்கினது நீங்க. ஒரு தடவை உதை வாங்கினா மூலையில உட்காரக் கூடாதுன்னு ஈக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்க. ஆனா நீங்க...”

நிறுத்திக்கொண்டாள். வார்த்தை பாதியில் நின்றாலும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவன் காது சிவந்தது. எதுவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கதவு திறந்தது.

“அக்கா, போஸ்டர்ல ஈ படம் தலைகீழா ஒட்டிட்டாங்க! அது சாமி கும்பிடற மாதிரி இருக்கு, வந்து பாருங்க!” என்றாள் வாயாடி. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “தலைகீழாவே இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஆனால் நேரம் தப்பிவிட்டது. நெட்டையன் எழுந்து, நாளைய உரையைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போதும் தலை இடித்துக்கொண்டான்.

---

மறுநாள் துறை தேர்க்கூட்டமாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகள், பெற்றோர்கள், பக்கத்துத் துறை ஆட்கள். ஈ மேசையில் வாயாடி நுண்ணோக்கியைப் பெரிய திரையோடு இணைத்திருந்தாள். நேற்றுச் சோதித்த அதே குப்பிகளிலிருந்துதான் ஈக்களை எடுத்திருந்தாள்.

“பார்த்துக்கோங்க, இவர் இப்பத்தான் ஒரு இடத்துல உதை வாங்கிட்டு வந்திருக்கார்,” என்று அறிவித்தாள். “இப்ப வேற ஒரு பொண்ணு. இவங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா நம்ம ஆளு என்ன பண்றார்? பாருங்க. வீட்டுக்குப் போகணும்ங்கறார்.”

கூட்டம் சிரித்தது. “பாவம், பயந்துட்டான்,” என்றார் ஒரு அம்மா. “மாட்டேன்னவகிட்டப் போய் மறுபடி நின்னாத்தான் தப்பு. இவளை ஒரு வார்த்தை கேட்டா என்ன?” என்றார் இன்னொருவர், சொந்தக்காரர் விஷயம் பேசுவது போல.

ஈயக்கா சுவரோரம் நின்றிருந்தாள். கூட்டத்துக்கு மேலே ஒரு தலை தனியாகத் தெரிந்தது. உரை முடிந்து அவனும் வந்து நின்றிருக்கிறான்.

வாயாடி அடுத்த ஈயை விட்டாள். மூலை. அடுத்தது. அதுவும் மூலை. கூட்டம் கலையத் தொடங்கியது. அப்போது விட்ட ஈயும் முதலில் மூலைக்குத்தான் போனது. சும்மா இருந்தது. பிறகு திரும்பியது. இரண்டடி வந்தது, நின்றது. இன்னும் இரண்டடி. பிறகு திரை முழுக்கத் தெரியும்படி, ஒற்றைச் சிறகை மெல்ல விரித்தது.

“ஏய்! ஏய்!” என்று கத்தினாள் வாயாடி, அறிவிப்பெல்லாம் மறந்து. “அக்கா! ஒருத்தன் இருக்கான்!”

பிள்ளைகள் கை தட்டினார்கள். ஈயக்கா திரையைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்கு மேலே தெரிந்த அந்தத் தலையைப் பார்த்தாள். அவனும் திரையைப் பார்க்கவில்லை.

---

வாசலில் வண்டி வந்து நின்றது. பேராசிரியர் கைகுலுக்கிவிட்டு உள்ளே போனார். ஈயக்கா ஒரு சின்ன அட்டைப்பெட்டியை நீட்டினாள். உள்ளே பத்துக் குப்பி.

“பாதி உங்களுக்கு. சாதாரணம்தான். ஆனா இதுக்குள்ள எங்கேயோ ஒருத்தன் இருப்பான். முதல்லேருந்து பொறுக்கணும்.”

“ம்,” என்றான். பெட்டியை வாங்கவில்லை. “இங்கேயே இருக்கட்டும்.”

படி இறங்கிப் போனான். வண்டிக் கதவைத் திறந்தான். குனிந்தான். அவ்வளவுதான், முடிந்தது என்று அவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அழக் கூடாது, மாணவர்கள் இருக்கிறார்கள். வௌவால் போஸ்டரைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டாள்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பும் சத்தம் கேட்கவில்லை.

“அந்த ஒருத்தனோட பிள்ளைங்க எப்ப வெளிய வரும்?”

திரும்பினாள். படிக்குக் கீழே நின்றான். அப்படி நிற்கும்போது அவன் முகம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது.

“பன்னெண்டு நாள் ஆகும். உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். அப்ப வரட்டுமா?”

“எதுக்கு?”

அவன் தலையைச் சொறிந்தான். ஏழு வருடத்துக்கு முன்னால் அடுப்புப் பக்கத்தில் சொறிந்த அதே தலை. “நீ அன்னிக்குச் சொன்னதை நான் முடிஞ்ச பதில்னு எடுத்துக்கிட்டேன். அப்பா போனப்பகூட எழுத உட்கார்ந்தேன். ரெண்டு வரிக்கு மேல கை ஓடல. உதை வாங்கினவன் புத்தி.” மூச்சு வாங்கினான். “அன்னிக்குக் கேட்டதை மறுபடி கேட்கிறேன். இப்பவே சொல்ல வேண்டாம். வரேன். அப்பச் சொல்லு. முடியாதுன்னாலும் சரி, அதை முழுசாக் கேட்டுட்டுப் போறேன்.”

பதில் அவளிடம் எப்போதோ தயாராக இருந்தது. எத்தனையோ இரவுகளில் ஒத்திகை பார்த்த பதில். இப்போது வாய் வரவில்லை. “வாங்க,” என்று மட்டும் சொன்னாள். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். “வாங்க. வரும்போது குனிஞ்சு வாங்க.”

வண்டி போய் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அண்ணியின் ஃபோன் வந்தது.

“கேட்டாரா?”

“கேட்டார்.”

“நீ என்ன சொன்ன?”

“பன்னெண்டு நாள் கழிச்சு வரச் சொன்னேன்.”

“ஏழு வருஷம் போதாதுன்னு இன்னும் பன்னெண்டு நாளா! அடிப்பாவி, உன்னை என்ன பண்ணாத் தேவலாம்?” என்று அண்ணி கத்தியது தாழ்வாரத்துக்கே கேட்டிருக்கும்.

ஈ அறைக்குத் திரும்பினாள். வாயாடி அந்த ஒற்றை ஈயைத் தனிக் குப்பியில், துணையோடு வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஈயக்கா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு கதகதப்பான அடுக்கில், கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள். ஏழு வருடத்தை எப்படியோ தள்ளிவிட்டாள். இந்தப் பன்னிரண்டு நாளை எப்படித் தள்ளுவது என்றுதான் தெரியவில்லை.